ஏழாம் நாள் எண்ணிக்கை

என் மேசைக்கு வருகிற விதைக்கு ஊர் கிடையாது, பேர் கிடையாது.
குறியீட்டு எண் மட்டும்.
ஆனாலும் இந்தப் பையின் தையலில்
மானூர்ப் பக்கத்துக் கரிசல் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.
எண்ணைவிட மண் வாயாடி.

நானூறு உளுந்து.
ஈரத்தாளில் நூறு நூறாக அடுக்கி,
சுருட்டி, ரப்பர் மாட்டி,
முளைப்பு அறையில் நிறுத்தினேன்.
வெளியே பொன்னுருகக் காய்கிற புரட்டாசி.
உள்ளே இருபத்தைந்து டிகிரி.
பாளையங்கோட்டையில் அந்தச் சுகம்
உளுந்துக்கும் ஜவுளிக்கடைக்கும்தான்.

அவசரம் என்றால் இன்னொரு வழி உண்டு.
விதையை நீளவாக்கில் கீறி
நிறமற்ற உப்புக்கரைசலில், இருட்டில், ஊறப்போட வேண்டும்.
மூச்சு இருக்கிற இடமெல்லாம் சிவக்கும்.
செத்தது வெளுத்தே கிடக்கும்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
முதல் தட்டைத் திறந்தேன்,
மாதுளையை உடைத்து வைத்தமாதிரி.
"ஏ ஜெபக்கனி, எல்லாம் உசுரோட இருக்குடீ!"
"இருந்துச்சுன்னு சொல்லு" என்றாள் அவள்,
தட்டைத் தொட்டிக்குக் கழுவ எடுத்துப் போய்க்கொண்டே.

அன்றிலிருந்து எனக்கு அவசரம் பிடிக்காது.

ஏழாம் நாள் பிரித்தேன்.
நூற்றுக்கு எழுபத்தொன்று நல்ல நாற்று,
முதுகை வளைத்து எழுந்து
தோலைத் தொப்பிபோல் தூக்கிக்கொண்டு.
பதினாலு அழுகல், விரல் பட்டால் கூழ்.
ஒன்பது கோணல்:
வேரை மறந்து தலையை மட்டும் நீட்டியது,
தன்னையே சுற்றிக்கொண்டு நின்றுபோனது,
ஒற்றை இலையோடு என்னைப் பார்த்தது.
இவையும் குடித்தன, வெடித்தன, முட்டிப் பார்த்தன.
பதிவேடு இவற்றைச் சேர்க்காது.

மிச்சம் ஆறு.
ஏழு நாள் ஈரத்தில் கிடந்து
ஒரு சொட்டுக் குடிக்கவில்லை.
வந்த அன்றைக்கு இருந்த அதே கறுப்பு,
அதே மினுக்கம், இடுப்பில் அதே வெள்ளைத் தழும்பு.
கண்ணாடித் தட்டில் போட்டால் 'டிங்' என்கிறது.

கடின விதை என்று இவற்றுக்கு ஒரு கட்டம்.
உளுந்துக்கு விதி அப்படி:
முளைத்ததோடு இதையும் கூட்டிக்கொள்ளலாம்.
நவம்பர் ஆனால் பென்ஷன்காரரைக் கூப்பிட்டு
'உயிரோடுதான் இருக்கிறேன்' என்று
விரல் வைக்கச் சொல்கிற சர்க்கார்
இந்த ஆறையும் ஒரு கேள்வி கேட்காமல் நம்புகிறது.
எழுபத்தொன்றும் ஆறும் எழுபத்தேழு.
எழுபத்தைந்து போதும். தேறிவிட்டது.

வாசலில் ஒருவர். செருப்பில் அதே கரிசல்.
சங்கிலிபூதத்தான் என்று பேர் சொன்னார்.
நான் கேட்டிருக்கக் கூடாது.
"உசுரு இருக்கா இல்லியா, அத மட்டும் சொல்லுங்கம்மா.
மேகம் கூடுது பாத்தியளா."
"ரிசல்ட் தபால்ல வரும்ணே."
"தபாலு வருமுன்ன மழ வந்துட்டுன்னா?"

அதற்குத்தானே அந்த ஆறு.
முதல் தூற்றலுக்கு வாய் திறந்து
மறுவாரம் கருகிப்போனவற்றுக்குப் பிள்ளை கிடையாது.
என் தட்டில் கிடப்பவை
ஏமாறாததின் பேரன் பேத்திகள்.
இதை அவரிடம் எப்படிச் சொல்ல?
"விதைக்கலாம்" என்று கண்ணால்தான் சொன்னேன்.
புரிந்ததோ என்னவோ, கும்பிட்டுவிட்டுப் போனார்.

என் பையில் நகவெட்டி இருந்தது.
ஓரத்தில் ஒரு கீறல் போதும்,
ராத்திரியே குடித்துப் பொழுது விடிய உப்பிவிடும்.
கையில் எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

சோதனை முடிந்ததைக் குப்பையில் போடவேண்டும்.
ஆறையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டுக்கொண்டு
டவுன் பஸ் ஏறினேன்.
வண்ணாரப்பேட்டை மேம்பாலத்தில் பஸ் குலுங்கும்போதெல்லாம்
மடியில் கடகடவென்று சத்தம்,

வீட்டுக்குள்ளே இருந்துகொண்டே யாரோ
'ஆள் இல்லை' என்று குரல் கொடுக்கிறமாதிரி.