மீந்த தேதிகள்

டிசம்பர் மெழுகுவர்த்திக்கு உடம்பெல்லாம் எண்கள்.
உச்சியில் ஒன்று, அடியில் இருபத்துநான்கு.
நாளுக்கு ஓர் எண் உயரம் எரியவிட்டு
ஊதி அணைக்க வேண்டும்.
எஸ்பியர் நகரில் பல வீட்டு மேசைகளில் ஒன்று நிற்கும்.
எங்கள் வீட்டில் நின்றது
பதினேழோடு நின்றுபோனது.

பதினெட்டாம் தேதி காலை
ஸிஸ்ஸெல்லை அவள் அப்பா வீட்டில் விட்டுவந்தேன்.
இந்தக் கிறிஸ்துமஸ் அவனுடைய முறை.
தாளில் அப்படித்தான் இருக்கிறது,
கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.
மிச்சம் ஏழு நாளைத்
தனியாக எரிக்கக் கை வரவில்லை.

பிப்ரவரி. துறைமுகக் காற்று
ஜன்னல் கண்ணாடியில் உப்பு பூசுகிறது.
மத்தி மீன் டப்பாவை மூன்று முறை கழுவியும்
மீன் போகவில்லை. இருக்கட்டும்.
வெந்நீர்ச் சட்டிக்குள் அதை இறக்கிவிட்டு
இழுப்பறையைக் கவிழ்த்தேன்:
புயலில் கரன்ட் போன இரவின் வெள்ளைக் கட்டை,
கேக்கில் குத்திய பச்சை எட்டு,
யாரோ தந்த, யாருக்கும் பிடிக்காத லவங்கப்பட்டை வாசனை.
கடைசியாக அந்த ஏழு நாள்.

அப்போதுதான் அவள் தன் பையிலிருந்து
கையுறை ஒன்றை எடுத்து உதறினாள்.
உருண்டு விழுந்தது
ஒரு சாண் சிவப்பு மெழுகு.
ஒன்றிலிருந்து பதினேழு வரை,
தீ தொடாமல்.
“அப்பா வீட்ல எனக்குப் பதினெட்டிலேர்ந்துதானே.
மேல இருந்ததை ரொட்டிக் கத்தியால அறுத்துட்டார்.
குப்பையில கெடந்துது.”

வெட்டு கோணலாக இருந்தது.
ஏஸ்பென் எதையுமே நேராக அறுத்ததில்லை என்று
நாக்கு நுனிவரை வந்ததை
விழுங்கிக்கொண்டு டப்பாவைக் காட்டினேன்.

மெழுகு முதலில் வியர்த்தது, பிறகு சரிந்தது.
எண்கள் மட்டும் உருகவில்லை.
தங்கத் தோலாக உரிந்து மேலே மிதந்தன,
நான்கும் இருபதும் ஒன்பதும் வரிசை தெரியாமல்.
முள்கரண்டியால் அவள் அரித்தெடுத்தாள்.
சிவப்பும் பச்சையும் வெள்ளையும் கூடி
ரொட்டியில் தடவும் ஈரல் விழுதின் நிறம் வந்தது.
“அசிங்கமா இருக்கு” என்றாள்,
மிகுந்த திருப்தியோடு.

பால் அட்டைப்பெட்டியில் ஊற்றினோம்.
பென்சிலில் கட்டிய திரி நடுவில் தொங்கியது.
ஆறும்போது மெழுகு சுருங்கும்,
திரியைச் சுற்றிக் குழி விழும்,
எல்லாவற்றையும் ஒரேயடியாக ஊற்றிவிடாமல்
குழிக்கென்று கொஞ்சம் வைத்திருக்க வேண்டும்.
எனக்குத் தெரியவில்லை.

பொறுக்காமல் அட்டையைக் கிழித்தபோது
நடுவில் ஒரு பள்ளம்.
விரலை விட்டுப் பார்த்தாள்.
“உள்ளே இன்னும் சூடு.”

ஞாயிறு ஐந்து மணிக்கு அவன் கார் வந்து நிற்கும்.
அதற்குள் டப்பாவின் சுவரைச் சுரண்டி
ஒரு கரண்டியாவது தேற்ற வேண்டும்.