ஆவியானது

எதை விற்கலாம் சொல்லு, என்றார் முதலாளி.
ஒரு மாதம் அளந்து சொல்கிறேன், என்றேன்.

முட்டுக்காட்டில் எங்கள் ஜெட்டியில்
இரண்டு மோட்டார் படகு.
ஸ்கீக்கு ஒன்று, தட்டையாக, ஒல்லியாக:
அது கெண்டை.
வேக்போர்டுக்கு ஒன்று:
அதைப் பெருசு என்போம்.
இரண்டுக்கும் ஒரே எட்டு சிலிண்டர் எஞ்சின்,
ஒரே கேளம்பாக்கம் பங்க்கின் பெட்ரோல்.
மீட்டர் முள்ளை நான் நம்புவதில்லை.
கழுத்துவரை நிரப்பி, ஓடவிட்டு,
மறுபடி கழுத்துவரை ஊற்றியதை
ஊற்றிய கை காய்வதற்குள் எழுதுவேன்.
என் நோட்டு முழுக்க அந்த வாசனைதான்.

கெண்டை ஐம்பதில் பறக்கும்.
மணிக்குப் பதினாலு லிட்டர்.
பெருசு முப்பத்தைந்தைத் தாண்டாது.
இருபத்து மூன்று.

மெதுவாகப் போவதா அதிகம் குடிக்குது?
முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

ஆமாம் சார்.
கெண்டைக்கு வேலை, தடம் தெரியாமல் போவது.
கயிற்று நுனியில் வருகிறவன்
தண்ணீரில் பிளேடு போடுகிறவன்,
சின்ன மடிப்பு எழுந்தாலும் திட்டுவான்.
பெருசுக்கு வேலையே அலை.
அதற்கென்று வயிற்றில் மூன்று பை.
கழிமுகத்தையே பம்ப் வைத்து உறிஞ்சி
அறுநூறு கிலோ ஏற்றிக்கொள்ளும்.
தண்ணீர் மேல் தண்ணீரைச் சுமந்து
தண்ணீரை உழுது
தண்ணீரில் ஒரு மேடு கட்டும்.
மேடு இருபது நொடிகூட நிற்காது.
லிட்டர் நூற்றியொரு ரூபாய்.

கணக்கு இதோடு முடிந்திருக்கும்.
ஆனால் செவ்வாயும் வெள்ளியும் காலையில்
பெருசு இருபத்தாறு கேட்டது.
அதே ஒரு மணி நேரம், அதே நாலு பேர்.
மூன்று லிட்டர் எங்கே?
ஓட்டுவது ததேயுஸ், கோவளத்துக்காரர்.
தோன்றக்கூடாதது எனக்குத் தோன்றியது.
அவர் ஸ்கூட்டர் டேங்க்கைத் திறந்துகூடப் பார்த்தேன்.
ரிசர்வில் கிடந்தது.

அடுத்த வெள்ளி நானும் ஏறினேன்,
சோழிங்கநல்லூர் கம்பெனிப் பையன்களோடு,
லைஃப் ஜாக்கெட்டுக்குள் நோட்டைச் செருகி.

மேற்கு வளைவில், ஆழமில்லாத பக்கம்,
ஏழெட்டுப் பெண்கள்.
கழுத்துவரை தண்ணீர்.
பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு
இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி
இறால் பிடிக்கிறார்கள்.
வாயைத் திறக்கவும் முடியாது அவர்களுக்கு,
நிறுத்து என்று கத்த.

ததேயுஸ் வேகத்தை இறக்கினார்.
பைகளைத் திறந்துவிட்டார்.
அறுநூறு கிலோவும் பக்கவாட்டில் ஒழுக,
பெருசு வயிறு ஒட்டி,
குளம் விட்டு ஏறும் எருமை நடையில்
ஓரமாகக் கடந்தது.
வளைவு தாண்டி மறுபடி உறிஞ்சல்,
மறுபடி பாரம்.
நின்ற இடத்திலிருந்து முக்கி எழும்போதுதான்
எஞ்சின் விழுங்கும்.
ஒவ்வொரு சுற்றிலும் இதே கதை.

பம்ப் கோளாறு, என்றார் பையன்களிடம்.
என்னிடம் அதுகூடச் சொல்லவில்லை.
பெண்களில் ஒருத்தி எங்களைப் பார்த்துவிட்டு
சேற்றுக்கே திரும்பினாள்.
இன்னும் எதையோ கையில் பிடித்திருந்தாள் போல.

மாதக் கடைசியில் நோட்டை நீட்டினேன்.
கெண்டை இவ்வளவு. பெருசு இவ்வளவு.
அடியில் தனியாக ஒரு வரி:
ஆவியானது, இருபத்து நாலு லிட்டர்.

மூடின டேங்க்கில் எப்படிம்மா ஆவியாகும்?
மெட்ராஸ் வெயில் சார், என்றேன்.
அது மார்கழி.
ஜன்னல் கண்ணாடியில் இன்னும் பனி வழிந்தது.
அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பேனாவைத் தேடினார்.

அலைக்குத்தானே ஆள் வருகிறது என்று
குறைவாகக் குடித்ததைத்தான் கடைசியில் விற்றார்.
புதுச்சேரிக்காரர் ஒருவர்
ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனார்.
அன்று செவ்வாய்.
கெண்டை போனதை நான் பார்க்கவில்லை.
பெருசுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன்,
கழுத்துவரை,
இருபத்தாறு.