இடதுகைப் பூட்டு

முதலில் வந்தது குழல்.
யூட்டாவிலிருந்து, பதினொரு மாதம் காக்கவைத்து,
செய்தித்தாளில் பச்சைக் குழந்தை மாதிரி சுற்றி.
பித்தளை. முனையில் ஊமத்தம்பூவாய் விரிந்த வாய்.
தபால்காரி டார்லா பொட்டலத்தைத் தடவிப் பார்த்து
"ஊதுகொம்பா?" என்றாள்.
ஆமாம் என்றுவிட்டேன்.
அன்றிலிருந்து செவ்வாய்தோறும்
வண்டி ஜன்னல் வழியே கேட்பாள்:
"வாசிக்கப் பழகியாச்சா?"

இல்லை டார்லா,
கட்டையே இன்னும் கிடைக்கவில்லை.

மெர்ல் கான்ட்ஸின் மர ஆலை ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டுவிட்டு
சீருடையோடு போனேன்.
நல்ல வால்நட் பலகைக்கு அவர் சொன்ன விலை
என் ஒரு மாத டீசல்.
"கெட்டது ஏதாவது இருக்கா?"

இருந்தது.
வேலியோரம் நின்ற மரம்.
யாரோ முள்கம்பிக்கு அடித்த ஆணியை
மெல்ல விழுங்கி, அதைச் சுற்றியே பருத்த மரம்.
இரும்பு கிடந்த இடத்தில்
கன்றிப்போன கறுநீலம், உள்ளங்கை அகலம்.
ஏழு வருஷமாகப் பரணில் யாரும் தொடவில்லை.
பாதி விலை.
அந்தக் கறை என் கன்னம் பதியும் இடத்தில் வரும்படி
பென்சிலால் கோடு போட்டேன்.
மெர்ல் தலையாட்டினார்,
சம்மதமா இரக்கமா தெரியவில்லை.

கெட்டிக்கோல், உடைந்த கோடரிப்பிடியிலிருந்து.
விசைக் காப்பு, பென்சில்வேனியாவில் ஓர் ஏலத்தில்,
இரண்டு கதவுக் கைப்பிடிகளையும் சேர்த்து வாங்கினால்தான் உண்டு என்றார்கள்.
(கைப்பிடிகள் இப்போது குளியலறையில்.)
திருகாணிக்கு ஒரு மரை, துளைக்கு வேறு மரை.
சக்கிமுக்கிக் கல் ஒரு டஜன், பிரான்ஸிலிருந்து,
தேன் நிறத்தில், கிட்டத்தட்ட தின்னலாம் போல.

பூட்டுதான் கிடைக்கவில்லை.
உலகம் வலதுகைக்காரர்களுக்காகச் செய்தது.
கத்தரிக்கோலில் தெரியும்.
வகுப்பு மேசையில் தெரியும்.
கிண்ணியில் மருந்து
மூக்கெதிரே பற்றிக்கொள்ளும்போது
இன்னும் நன்றாகத் தெரியும்.

பிறகு மிசூரியிலிருந்து ஒரு வரி விளம்பரம்:
இடதுகைப் பூட்டு. சுட்டதில்லை.
தொலைபேசியில் ஒனைடா ஸ்ட்ரிக்லர்.
விலை கேட்டேன்.
"நிஜமாகவே இடதுகையா?"
"ஆமாம் அம்மா."
"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. கடிதம் எழுதுங்க.
மை இழுகியிருக்கான்னு பார்க்கிறேன்."

எழுதினேன். வழக்கம்போல
சுண்டுவிரல் பக்கம் முழுக்கக் கறுப்பு.
இரண்டு பக்கமும் மழையில் நனைந்த காகம்.

பத்து நாளில் ஒரு பிஸ்கட் டப்பா வந்தது.
உள்ளே ஆண்களின் கம்பளிச் சாக்ஸ் நான்கு ஜோடி,
அவற்றின் நடுவே, எண்ணெய் பூசி, பூட்டு.
பில் இல்லை. ஒரு சீட்டு:
"ஆர்டெல் வாங்கி வைத்தது. துப்பாக்கிக்கு முன்னால் அவர் முடிந்துவிட்டார்."

வில் இரும்பு போல. இரும்புதானே, தெரியும்.
சுத்தியலைப் பின்னால் இழுக்க என் இரண்டு கட்டைவிரலும் வேண்டும்.
விசை, பூசணியைக் காம்போடு பிடுங்குகிற கனம்.
"கொஞ்சம் தேய்த்துவிடு" என்றார் மெர்ல்.
சாணைக்கல்லைச் சுழலவிட்டேன்.
அது தானாக நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர். மேய்ச்சல் நிலத்தின் கோடி, பின்னால் மண்மேடு.
காதுக்குப் பஞ்சு.
அமுக்குகிறேன், ஒன்றும் இல்லை,
அமுக்குகிறேன், வேண்டாமென்று இறக்கிவிடலாம் என
ஒரு முழு நொடி இடம் கிடைக்கிறது,
அமுக்குகிறேன்,
பொறி, கிண்ணி, பிறகு
டச்சுக்காரர்கள் இதற்கு இடிக்குழல் என்று பேர் வைத்தார்களாம்,
மிகையில்லை.
அழுகிய முட்டைப் புகைக்குள்
கன்னம் கறைமேல் ஒட்டியபடி நின்றேன்.
கீழே சாலையில் ஒரு வண்டி நின்றது.
ஜன்னல் இறங்கியது.
"ஒரே ஒரு ஸ்வரம்தானா?" என்று கத்தினாள் டார்லா.

சாக்ஸைத் துவைத்துத் திருப்பி அனுப்பினேன்.
கூடவே எழுதினேன், இழுகிய மையில்:
விசை ரொம்பக் கடினம். மாற்றவில்லை.
சுடுகிறவன் ஒருமுறை யோசிக்கட்டும் என்று
உங்கள் கணவர் வைத்திருப்பார் போல.

பதில் ஒரு அஞ்சலட்டை.
"யோசனையெல்லாம் அவருக்குக் கிடையாது.
விரல்தான் பெரிசு."