தராசு முள்

வாளையார் தாண்டுவதற்குள் மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள் ஹேமாவதி.
"உன் ஊரில் இப்படி ஒரு தெரு இருப்பதை
கோயமுத்தூரில் உட்கார்ந்து
ரீல்ஸில் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ளணுமா?"

எனக்கே தெரியாது.
ஒற்றப்பாலத்துக்கு மாற்றலாகும் வரை
பதினோரு வருஷம் வலியங்காடியில்
எடைக்கல் சோதித்தவள் நான்.
எந்தக் கடைத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருக்கும்,
எந்தக் கடையில் நான் வரும்போது மட்டும்
முள் நேராக நிற்கும்,
அதெல்லாம் தெரியும்.
தெரு அழகு என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

மீரான் ராவுத்தர் மிளகாய் மண்டி
இப்போது வெறும் 'மண்டி'.
பெரிய சுவரில் சின்ன எழுத்து.
காரை பெயர்ந்த இடங்களைப் பெயர்ந்தபடியே விட்டு
மேலே பளபளவென்று எதையோ பூசியிருக்கிறார்கள்.
மேற்கொண்டு பெயராமல் இருக்க
வருஷம் ஒருமுறை ஆள் வருவாராம்,
பரிமாறுகிற பையன் பெருமையாகச் சொன்னான்.

உள்ளே ஓவியங்கள்.
ஒன்றில் நீலம்.
அடுத்ததில் இன்னும் கொஞ்சம் நீலம்.
சிரிக்கத்தான் வந்தேன்.
ஆனால் இரண்டாவதன் முன்னால்
நினைத்ததைவிட அதிக நேரம் நின்றுவிட்டேன்.
மார்கழியில் கணவாய்க் காற்று சட்டென்று நிற்கும் சாயங்காலம்
மலைக்கு அந்த நிறம் வரும்,
ஒரு கால்மணி நேரம்.

அப்போதுதான் யாரோ தும்மினார்கள்.
பிறகு ஹேமாவதி.
பிறகு, நீலத்துக்கு விலை கேட்டுக்கொண்டிருந்த புருஷனும் பெண்டாட்டியும்
மாற்றி மாற்றி.
தளக்கல் இடுக்கெல்லாம் குண்டூர் வத்தல் தூள்.
எத்தனை முறை கழுவினாலும்
ஏசி போட்டதும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.
நான் தும்மவில்லை.
பழக்கம்.

கல்லாவுக்கு மேலே பெரிய தராசு.
ஒரு தட்டில் மணி பிளான்ட்,
மறு தட்டில் மெனு அட்டைகள்.
செடிப் பக்கம் இரண்டு விரற்கடை சாய்ந்திருந்தது.
கை தானாக மேலே போயிற்று.
தண்டின் அடியில் ஈயம்.
ஈயத்தில் வருஷம், காலாண்டு எழுத்து,
பக்கத்தில் என் எண்.

முத்திரை செத்துப் பல வருஷம்.
வியாபாரத்தில் இருந்தால் நோட்டீஸ் எழுதலாம்.
அலங்காரத்துக்கென்று
எந்தப் பிரிவிலும் ஒன்றுமில்லை.
காப்பி வந்தது.
நூற்றைம்பது மில்லி என்று அட்டையில் போட்டிருந்தது,
டம்ளரில் நூற்றுமுப்பது இருந்தால் அதிகம்.
ஞாயிற்றுக்கிழமை.
குடித்தேன்.

வெளியே, ஒட்டினாற்போல் சிக்கந்தரின் சாக்குக் கடை.
மடித்த சாக்குகள் வாசல்வரை அடுக்கியிருந்தன.
ஹேமாவதி போனை எடுத்ததும்
அவரே முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்.

"யாவாரம் எப்படிண்ணா?"

"இந்தச் சாக்க விக்கறதில்லீங்க மேடம்.
எடுக்காம இப்படியே வெச்சிருக்கறதுக்கு
மண்டிக்காரங்க தெனம் முன்னூறு தர்றாங்க.
மழ வந்தா மட்டும் உள்ள இழுத்துப் போடணும்.
நனஞ்ச சாக்கு படத்துல கருப்பா விழுதாம்."

"பரவாயில்லையே!" என்றாள் ஹேமாவதி.

"பரவால்ல," என்றார் அவரும்.
"வாடகதான் ஏறிப்போச்சு.
கட்டடக்காரரு மாசம் ஒம்பதாயிரம் கூட்டிக் கேக்கறாரு.
சித்திர பொறக்கட்டும்னு சொல்லி வெச்சிருக்கேன்."

முன்னூறு.
முப்பது நாள்.
ஒருமுறைக்கு இருமுறை பெருக்கிப் பார்த்தேன்.
முள் இப்படி நேராக நின்று
அந்தத் தெருவில் நான் பார்த்ததில்லை.

அவர் என்னை அடையாளம் தெரிந்துகொண்டாரா தெரியவில்லை.
எதற்கோ எழுந்து
கடைக்குள்ளிருந்த சின்னத் தராசின்மேல்
துண்டை எடுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

காருக்குப் போகும் வழியில் ஹேமாவதி படத்தைக் காட்டினாள்.
சாக்கு, வெயில், சிக்கந்தர்.
ஓரத்தில் பாதியாக என் கைப்பை.

"இதை மட்டும் வெட்டிடட்டுமா?"

வெட்டு என்றேன்.