ஏழாம் அறைக்கு நார்ப்பாய்

கானாடுகாத்தான் விடுதியில் என் வேலை
தரையை முகம் தெரியத் துடைப்பது.
தேங்காயெண்ணெயில் துணி தோய்த்து
வளவின் நாலு பக்கமும் முட்டிபோட்டு நகர்வேன்.
ஆத்தங்குடிக் கல்லுக்குள்
தூண் தலைகீழாய் நின்ற பிறகுதான்
எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வேன்.

ஏழாம் அறைக்கு வந்த ரஷ்யாக்காரி
முதல் அடியிலேயே நின்றுவிட்டாள்.
நிலையைப் பற்றிய கை விடவில்லை.
கைப்பேசியிடம் ஏதோ சொன்னாள்,
அது தமிழில் சொன்னது:
"இது வழுக்கும். என் இடுப்பு இரும்பு."

பதிவேட்டில் பெயர் லரீசா. ஊர் பெர்ம்.
தொழில், பயிற்சியாளர்.
"அக்கா, லேசுப்பட்ட ஆளில்லை இது,"
வரவேற்பு மேசை வயிரவன் தேடிப் பார்த்துச் சொன்னான்.
"பனிச்சறுக்குல ஐரோப்பாவையே ஜெயிச்சவ.
பதினாறு வயசுல."
படம் காட்டினான், சத்தமில்லாமல்;
விருந்தாளிகள் உறங்கும் நேரம்.

மீன்கொத்தி நீலத்தில் ஒரு பெண்.
கண் முதுகில் இருப்பதுபோல்
பின்பக்கமாகவே ஓடுகிறாள்.
உலக்கை மேலே போய் இறங்குவதற்குள்
காற்றில் மூன்று சுற்று.
கத்தி விளிம்பில் ஒற்றைக்காலில் இறங்கி
எதுவும் நடக்காத முகத்தோடு போகிறாள்.

"பத்தொன்பதுல ஓய்வு" என்றான்.
எனக்குப் பத்தொன்பதில் கல்யாணம் என்றேன்.

கிடங்கில் தேடி நாலு நார்ப்பாய் எடுத்தேன்.
ஏழாம் அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரை
என் பளபளப்பின் மேல்
தவிட்டு நிறத்தில் ஒரு வாய்க்கால்.
ஓரத்தில்கூடக் கால் படாமல்
அதிலேயே வந்தாள், அதிலேயே போனாள்.
எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

அவள் ஊர்க் கடிகாரம்
நமக்கு அரைமணிதான் பின்னால்.
ஆறரைக்கு இட்லி வைக்கப் போனால்
சட்னிக் கிண்ணத்தில் சாய்ந்திருக்கும் கைப்பேசியில்
பதினைந்து வயதுப் பெண் ஒன்று விழுந்துகொண்டிருக்கும்.
இவள் ஒரே சொல்லைக் கத்துவாள்.
தோள் என்று அர்த்தமாம்.
பிறகு மேசைமேல் இரண்டு விரல் ஓடிவந்து
உப்புக் குப்பியைத் தாண்டித் திரும்பி
ஒற்றை விரலில் இறங்கும்.
அந்த விரல் ஒருநாளும் தடுமாறியதில்லை.

ஐந்தாம் நாள் கைப்பேசி கூப்பிடவில்லை.
இட்லி ஆறியது.
அந்தப் பெண் மாஸ்கோவுக்கு,
வேறு பயிற்சியாளரிடம் போய்விட்டது என்று
வயிரவன்தான் படித்துச் சொன்னான்.

தட்டை எடுக்கக் குனிந்தபோது
கைப்பேசியை என் பக்கம் திருப்பினாள்.
"எட்டு வருடம். ஒரு செய்தி.
கடைசியில் ஒரு பூப்படம்."
என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.
அவளே தொடர்ந்தாள்.
"நானும் என் பயிற்சியாளரை விட்டு
இப்படித்தான் போனேன், பதினான்கில்.
அப்போது கைப்பேசி இல்லை.
அதனால் பூவும் இல்லை."

வியாழன் இரவு பாய்களைச் சுருட்டி வைத்து
எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.
ஏழாம் அறைக் கதவு திறந்தது.
வெறுங்கால்.
"காயலைம்மா, காயலை!" என்று கத்தினேன்.
எந்த மொழியில் கேட்டாளோ,
வந்தாள்.
முதல் அடி நின்றது.
இரண்டாவதில்
கல்லில் இளநீர்க்காய் விழுந்த சத்தம்.

நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எழுந்துவிட்டாள்.
ஒரு கை நீட்டி,
முகவாய் நிமிர்த்தி,
மாடி வரிசையைப் பார்த்து நின்றாள்.
அங்கே உட்கார்ந்திருந்தவை இரண்டு புறா.

கைப்பேசி என் முகத்துக்கு நேரே வந்தது.
"விழுந்து எழ எவ்வளவு நேரம் ஆனது?"

"ஒரு மூச்சு" என்றேன்.

அது ரஷ்ய மொழியில் சொல்லும்வரை காத்திருந்தாள்.
தலையை ஆட்டினாள்.
"அதிகம்."

பாயை விரித்தேன்.
ஏறி நடந்தாள்,
ஓரம் படாமல்.