அழுத்துவதற்கு முன்

கென்ட் நகருக்குத் தெற்கே
பீட்ரூட் பிடுங்கிய வயலில் சைக்கிள் பந்தயம்.
டிசம்பர்.
வளைவில் கட்டிய நாடாவுக்கு இப்பால்
பத்து மணியிலிருந்து நிற்கிறோம் நால்வரும்.
சேறு கணுக்கால்வரை வந்து
குசலம் விசாரிக்கிறது.

வௌட்டருக்கு எதிலும் சந்தேகம்:
"மிரர்லெஸ்ஸில் நீ பார்ப்பது உலகமல்ல,
உலகத்தின் ஒளிபரப்பு.
கண்ணாடி இருந்தபோது வெளிச்சம் நேரே வந்தது."
"வந்தது," என்றாள் நூர்ஜான்,
"ஷட்டர் திறக்கும் கணத்தில் இருட்டாகவும் போனது.
நீ எடுத்த ஒவ்வொரு படத்தின் நொடியையும்
நீ ஒருவன்தான் பார்க்கவில்லை."
வௌட்டர் பிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றினான்.
ஒப்புக்கொண்டதாக அதற்குப் பொருள் இல்லை.

செப்பேயின் எழுபது-இருநூறு
ஒன்றரைக் கிலோ. எட்டு மாதத் தவணை பாக்கி.
அதற்கென்றே வாங்கிய கார்பன் முக்காலி,
அடையாளத்துக்குக் காலில் சிவப்பு டேப்.
என் ஐம்பது மில்லிமீட்டர் இரண்டாம் கை;
முன்னவர் போட்ட கீறல்
எதிர்வெயிலில் மட்டும் தெரியும்.
இந்த ஊரில் வெயிலே இல்லை.
நல்ல பொருத்தம்.

கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் என்று
எல்லோரும் புகழ்கிறார்கள்.
என்னுடையது
எதிரே பியர் விளம்பரத்தில் சிரிக்கும்
துறவியின் கண்ணைப் பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்றது.
மூன்று சுற்று, நாற்பது படம்.
வீரர்கள் புகை. துறவி அத்தனை தெளிவு.

"முப்பதில் ஒரு நொடி வை,
இடுப்பிலிருந்து திரும்பு, தோளிலிருந்து அல்ல.
சக்கரம் கரையும், முகம் நிற்கும்.
ஓசையில்லா ஷட்டர் மட்டும் வேண்டாம்,
ஆரக்கம்பிகள் அரிவாளாய் வளையும்."
சொன்ன நூர்ஜானே அதைத்தான் போட்டிருந்தாள்.
புது வசதி ஒன்றுக்கு அது வேண்டுமாம்:
பொத்தானில் விரல் பாதி அமர்ந்திருந்தால் போதும்,
அழுத்துவதற்கு முந்தைய அரை நொடியையும்
சேர்த்தே வைத்துக்கொள்ளும்.
"விரல் பிந்தினாலும் கேமரா பிந்தாது."
"அப்படியென்றால் எடுத்தது யார்?" என்றான் வௌட்டர்.
அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள்,

முப்பத்தொன்றாம் எண் விழுந்தான்.

சத்தம் சின்னதுதான்,
ஈரச் சாக்கைத் தரையில் போட்டதுபோல.
பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.
தோளெலும்பு, என்றார் முதலுதவிக்காரர்.

நாங்கள் சின்னத் திரையின்மேல் குனிந்தோம்.
விழுந்தவன். விழுகிறவன்.
பின்னோக்கி ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.
விழப்போவது தெரியாத முகம்,
உதட்டோரம் சேறு, நாக்கு அதைத் துழாவுகிறது.
ஆரங்கள் அரிவாளாகத்தான் வளைந்திருந்தன.
நாடாவுக்கு அடியில் ஒரு சாண் அப்பால்
பாதைக்குள் நீட்டியிருந்த கால் மட்டும்
நேராக இருந்தது.
சிவப்பு டேப்புடன்.

"ஓரத்தை வெட்டினால்…" என்று தொடங்கிய வௌட்டர்
காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டான்.
செப்பே கையுறையைக் கழற்றினான், மாட்டினான்.
குப்பைத்தொட்டி வரைந்த பொத்தானுக்கு அருகே
நூர்ஜானின் கட்டைவிரல்.
அன்றைக்கு நான் கூர்மையாகப் பார்த்தது
அந்த நகத்தை மட்டும்தான்.

மாலையில் அவனே வந்தான்,
வெள்ளித் தாள் போர்வை, கழுத்தில் தொங்கும் கை.
பெயர் யெல்லே என்றான்.
"என்னை யாராவது எடுத்தீர்களா?"

நூர்ஜான் கேமராவை நீட்டினாள்.
அந்தப் படத்திலேயே நின்றிருந்தது அது.
இடது கையால் வாங்கிப்
பெரிதாக்கினான்.
எந்த இடத்தை என்று
எங்கள் பக்கத்திலிருந்து தெரியவில்லை.

"ரொம்பத் தெளிவு," என்றான் வெகு நேரம் கழித்து.
"என்ன லென்ஸ்?"
சொன்னாள். எண்களை ஒருமுறை
உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.
"அனுப்ப முடியுமா? எல்லாவற்றையும்."

வண்டிகள் கிளம்பிக்கொண்டிருந்தன.
செப்பே முக்காலியை மடக்கினான்.
இரண்டு கால் சட்டென்று உள்ளே போயிற்று.
மூன்றாவதைக் கைக்குட்டையால்
துடைத்துக்கொண்டே இருந்தான்,
சேறு போன பிறகும்.