இருக்கை இரண்டு

சீட்டு விழுந்த பணம்.
மகனின் பாலிடெக்னிக் ஃபீஸ் போக
மிச்சம் அறுபத்திரண்டாயிரத்தை
மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு
திருமங்கலம் தாண்டி
ஒரு கோழிப்பண்ணைக்குப் பின்னால் போனேன்.

நின்றது.
கோவாவில் செய்த வண்டியாம்.
ஒரு காலத்தில் சிவப்பு.
கூரை இல்லை, கூரை இருந்த கம்பிகளில்
இரண்டு கருங்கோழிகள்.
டிக்கிக்குள் ஒன்று அடைகாத்தது.
"குஞ்சு பொரிக்கட்டும், பத்து நாள் கழிச்சு எடுத்துக்கிடுங்க"
என்றார் பண்ணைக்காரர்.
அதற்காக ஐந்நூறு குறைத்தார்.

பத்து நாளும்
கரண்ட் பில் வாங்கும் ஜன்னலில் உட்கார்ந்து
சில்லறை எண்ணும்போதெல்லாம்
அந்தக் கோழியை நினைத்தேன்.

குட்டியானையில் ஏற்றி வந்து வாசலில் இறக்கியதும்
பாண்டித்துரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.
"நாம நாலு பேரு" என்றார்.
ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன்.
இருக்கை: இரண்டு.
குனிந்து, அவர் அதையும் எண்ணிப் பார்த்தார்.

முனிச்சாலையில் பழைய இரும்புக் கடைகளில்
கார்புரேட்டர் கேட்டால்
என் தோளுக்கு மேலாகப் பார்ப்பார்கள்,
பின்னால் ஆம்பளை யாரும் வருகிறாரா என்று.
யாரும் வரவில்லை.
எட்டாவது கடையில்
வேறு வண்டியின் கார்புரேட்டர் கிடைத்தது,
ஆட்டோவோடதோ, மோட்டார் பம்புடையதோ.
பொருந்தும் என்றார்கள்.
பொருத்தினோம்.

உடம்பு இரும்பில்லை, ஃபைபர்.
விரிசல் அடைத்தவர் மாடித் தொட்டி செய்கிறவர்.
"இனி சொட்டு ஒழுகாது" என்றார்.
ஐப்பசியில் தெரிந்தது,
உள்ளே விழுந்த மழை
கணுக்கால் வரை ஒழுகாமல் நின்றது.

கூரை தைத்தது சிக்கந்தர்,
மினிபஸ்ஸுக்கு ரெக்ஸின் போடுகிறவர்.
மூன்று தடவை அளவெடுத்தும்
வலது ஓரம் நாலு விரற்கடை பற்றவில்லை.
"மதுரையில மழை நேரா பெய்யுங்க்கா" என்றார்.

எஞ்சின் ஒச்சப்பனுடையது.
உசிலம்பட்டிக்காரன். பேசமாட்டான்.
ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில்
ஒரே ஒரு கேள்வி கேட்டான்:
ஓட்டுகிற சீட்டின் தண்டவாளத்தைத் துரு தின்றுவிட்டது,
இனி முன்னே பின்னே நகராது,
யார் கால் நீளத்துக்குப் போல்ட் போட?

ஏறி உட்கார்ந்தேன்.
கிளட்சைக் கடைசி வரை மிதித்தேன்.
"இங்கே."

முதல் நாள் கோரிப்பாளையம் சிக்னலில்
பஸ் ஜன்னல்களுக்குக் கீழே நின்றேன்.
கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல
ஊர் எட்டிப் பார்த்தது.
ஒரு கடலைத் தோல் விழுந்தது.
ஒரு டிக்கெட்.
தத்தனேரிக்குப் போகும் ஊர்வலம் எதிரே வந்தது,
பறை அதிர, பூ எறிந்துகொண்டே.
சம்பங்கி நாலைந்து என் மடியில்.
தட்டிவிடலாமா, கூடாதா, தெரியவில்லை.
பச்சை விழுந்துவிட்டது.
கியர் போட வேண்டியிருந்தது.

வீட்டில் ஒவ்வொருவராகக் கூட்டிப் போனேன்.
மகன் இறங்கி நின்று படம் எடுத்தான்.
மகள் வழிநெடுக முடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.
அவர் கடைசி,
தலையில் துண்டு கட்டிக்கொண்டு.

நாகமலைப் பக்கம்
நாலாவது கியர் விழுந்தது.
பத்தொன்பது வருஷத்தில்
பின்சீட்டில் யாருமில்லாமல்
இரண்டு பேரும் போனது அதுதான் முதல் தடவை.
என்னமோ சொன்னார்.
வாய் அசைந்தது,
சொல்லைக் காற்று பின்னால் எறிந்துவிட்டது.
தலையாட்டினேன்.
அவர் சிரித்தார்.
எருமைகள் குறுக்கே வந்து நிறுத்தியபோது
என்ன சொன்னீங்க என்று கேட்டிருக்கலாம்.
எஞ்சின் சத்தத்தில்
ஏதோ கிலுகிலுவென்றது,
அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை
ஆணியில் சாவி இல்லை.
வாசலில் அவர், என் சீட்டில்.
முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கைத் தாண்டி
மார்புக்கு ஏறி நிற்க,
கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு.

"நீதானே அன்னைக்குச் சரின்னு தலையாட்டுனே."

சீட்டுக்கு அடியில் கைவிட்டு
பின்னால் தள்ளுகிற கம்பியைத் தேடுகிறார்.
காபி டம்ளரை போனட்டில் வைக்கிறேன்.
தேடுகிறார்.